யூயூஐடி (பதிவுகளுக்குத் தற்செயலாக உருவாக்கும் 36 எழுத்து அடையாளம்) மோத, அதாவது ஒரே ஐடி இரண்டு முறை வர, வாய்ப்பே இல்லை என்கிறார்களே, எங்கள் டேபிளில் மட்டும் எப்படி இரண்டு வந்தது?

முதலில் அது நிஜமான மோதல்தானா என்று பாருங்கள். நெட்வொர்க் தடங்கி, ரீட்ரையில் அதே பதிவு மறுபடி வந்து விழுந்திருக்கலாம். நான் பார்த்த புகார்களில் பாதிக்கு மேல் அதுதான். இரண்டு பதிவிலும் தொகையும் வாடிக்கையாளரும் வேறு என்றால் மேலே படியுங்கள்.

நான்காம் வகை யூயூஐடியில் உள்ள 128 பிட்டில் 6 பிட் வகையைக் குறிக்கவே போய்விடும், மீதி 122. நொடிக்கு 100 கோடி வீதம் உருவாக்கினாலும், ஒரு ஜோடியாவது ஒத்துப்போகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு வருவதற்கு ஏறக்குறைய 86 வருடம் ஆகும். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த 122 பிட்டும் நிஜமாகவே தற்செயலாக வர வேண்டும். நம் நிரல்களில் அவை பெரும்பாலும் ஒரு சீடிலிருந்து, அதாவது தற்செயல் எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்ணிலிருந்து, வருகின்றன. சீடு ஒன்று என்றால் அதிலிருந்து வரும் வரிசையும் ஒன்றுதான்.

சில வருடங்களுக்கு முன் கடைகளுக்கான பில்லிங் மெஷின் ஒன்றில் வேலை பார்த்தேன். பில் ஐடி 36 எழுத்து, பார்க்க அசல் யூயூஐடி. ஒருநாள் காலையில் ஊர் முழுக்கக் கரண்ட் போய் வந்தது. கொஞ்ச நேரத்தில் வெவ்வேறு கடைகளின் பில்கள் ஒரே ஐடியோடு வர ஆரம்பித்தன. "இது ஏற்கெனவே இருக்கிறது" என்று சர்வர் புதிய பில்லைத் தூக்கிப் போட்டுவிட்டது. கடைக்காரர்கள் போனில் பேசியதை இங்கே எழுத முடியாது.

லாகைத் திறந்தால் எல்லா மெஷினும் 1970 ஜனவரி 1, காலை 5:30-க்குக் கிளம்பியிருந்தன. யூனிக்ஸ் கடிகாரத்தின் பூஜ்யம் நம் ஊர் நேரத்தில் அதுதான். செலவைக் குறைக்கக் கடிகார பேட்டரி வைக்கவில்லை. சி நிரலோ அப்போதைய நேரத்தை எடுத்து சீடாகப் போட்டது. பூட் ஆக 14 முதல் 16 நொடி. ஆக மொத்த ஊருக்கும் மூன்றே மூன்று சீடு! ஒரு கடையின் முதல் பில் இன்னொரு கடையின் முதல் பில்லோடு மோதினால், இரண்டாவதும் மூன்றாவதும் அதே வரிசையில் மோதின. கண்டுபிடிக்க உதவியதும் அந்த வரிசைதான்.

பெரிய ஆட்களும் இதில் வழுக்கியிருக்கிறார்கள். 2006-ல் டெபியன் லினக்ஸின் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்கத் தொகுப்பில், வால்கிரைண்ட் என்ற பிழை தேடும் கருவி எச்சரிக்கிறது என்று இரண்டு வரியை நீக்கினார்கள். அதோடு சீடுக்குள் போன கலப்பு எல்லாம் நின்று, பிராசஸ் எண் (ஓடும் நிரலுக்கு சிஸ்டம் தரும் எண்) மட்டும் மிஞ்சியது. அது 32,768-ஐத் தாண்டாது. 2008 மே மாதம் வெளியே தெரியும்வரை, டெபியனிலும் உபுண்டுவிலும் உருவான எஸ்எஸ்எச் சாவிகள் (சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவுபவை) அந்தச் சின்னக் கூடைக்குள்ளிருந்தே வந்தன. நீளத்தைப் பார்த்தால் எல்லாமே அசல் சாவிகள்.

உங்களுடையது சர்வர் என்றால் எனக்கு முதல் சந்தேகம் ஃபோர்க் மேல், அதாவது ஒரு பிராசஸ் தன்னைப் பிரதியெடுத்துப் பிள்ளை பிராசஸை உருவாக்குவதன் மேல். தாய் பிராசஸ் சீடு போட்ட பிறகு பிள்ளைகள் பிரிந்தால் அத்தனை பேரும் ஒரே நிலையைச் சுமந்துகொண்டு போவார்கள். பைத்தானின் ரேண்டம் மாட்யூல் 3.7 முதல் பிள்ளையில் தானே மறுசீடு போட்டுக்கொள்கிறது. பைத்தானின் கணித நூலகமான நம்பையின் பொது ரேண்டம் அப்படிச் செய்யாது.

அடுத்த சந்தேகம் 32 பிட் சீடு. புதிதாகச் சீடு போட்டு ஐடி உருவாக்கும் ஒவ்வொரு முறையும் குலுக்கலில் ஒரு சீட்டு எடுத்துத் திரும்பப் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள்: சுமார் 77,000 முறையிலேயே ஒரே சீட்டு இரண்டு முறை வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு வந்துவிடும்.

ஐடியை நீங்களே கோக்க வேண்டாம். லினக்ஸின் கெட்ரேண்டம், ஜாவாவின் செக்யூர்ரேண்டம் போன்ற பாதுகாப்பான தற்செயல் எண் வசதிகளிடம் கேளுங்கள். டேபிளில் ஒரே ஐடி இரண்டாம் முறை நுழையாமல் தடுக்கும் யூனிக் கட்டுப்பாட்டை நீக்கவே நீக்காதீர்கள். மோதிய இரண்டு பதிவுக்கும் அடுத்தடுத்து வந்த ஐடிகளை இங்கே போடுங்கள். அவையும் ஜோடி ஜோடியாக ஒத்துப்போனால் சீடுதான், மேற்கொண்டு தேட வேண்டாம்.