போர்னியோ தீவுக் குழுப் பயணத்தில் எது முதலில்: மழைக்காட்டுப் பணியா, கினபாலு மலையேற்றமா?

மரக்கன்று நடும் மழைக்காட்டுப் பணியை முதலில் வையுங்கள். கினபாலு உச்சி 4,095 மீட்டர், நடை தொடங்கும் திம்போஹோன் வாயில் சுமார் 1,866 மீட்டர். உச்சியிலிருந்து வாயில் வரை ஒரே நாளில் இறங்குவதால் அடுத்த இரண்டு மூன்று நாள் தொடையும் முழங்காலும் வலிக்கும். அந்தக் காலோடு சேற்றில் குழி தோண்டி மரக்கன்று நட முடியாது, வழுக்கி விழுவார்கள்.

ஆனால் காட்டில் எத்தனை நாள் உழைத்தாலும் உடல் உயரத்துக்குப் பழகாது. உயரத்துக்குப் பழகுவது என்றால், குறைந்த காற்றழுத்தத்தில் வேகமாக மூச்சு வாங்கி, தேவையான ஆக்சிஜனை எடுக்க உடல் கற்றுக்கொள்வது. மரக்கன்று நடும் கினபாதாங்கன் ஆற்றங்கரைக் காடோ கிட்டத்தட்ட கடல்மட்டம்! மேலே காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான், அழுத்தம்தான் குறைவு. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குழாயில் அழுத்தம் இல்லாவிட்டால் குடம் நிறைய நேரமாவது போல.

ஆகவே காட்டிலிருந்து வந்ததும், சுமார் 1,500 மீட்டரில் உள்ள கினபாலு பூங்காத் தலைமையகப் பகுதியில் இரண்டு இரவு தங்குங்கள். நனைந்த பூட்ஸும் அதற்குள் காயும். ஈரத்தோடு ஏறினால் கொப்புளம் நிச்சயம். ஏறும் வழியில் 3,270 மீட்டர் அளவில் உள்ள பனலாபான் விடுதியில் இடம் குறைவு, அங்கே இடம் கிடைக்கும் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத் திட்டமிடுங்கள். அங்கே யாருக்காவது தலைவலியோடு குமட்டல் வந்தால் மேலே ஏறக்கூடாது. தடுமாறினால் உடனே, துணையோடு இறங்க வேண்டும்.

உடற்பயிற்சி செய்பவருக்கு மலைநோய் (உயரத்தில் வரும் இந்தத் தலைவலி, குமட்டல்) வராது என்பது தவறு. வேகமாக ஏறுவதால் அவருக்கே முதலில் வரலாம்.