உத்ரெக்டின் இரண்டு பட்டியல்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நெதர்லாந்து வரலாறு படிக்கும்போது உத்ரெக்ட் மறைமாவட்ட ஆயர்களின் வரிசையைத் தேடினேன். இரண்டு பட்டியல்கள் கிடைத்தன. ஒன்றில் 1580-க்குப் பிறகு 1853 வரை பேராயரே இல்லை. இன்னொன்றில் 1724 முதல் விடாமல் பெயர்கள் வருகின்றன. இவர்கள் அந்த வழியாகப் போன ஓர் ஆயரைப் பிடித்து, போப்புக்குத் தெரியாமல் திருட்டுப் பட்டம் வாங்கிக்கொண்டவர்கள் என்று புரிந்துகொள்கிறேன். இரண்டில் எது உண்மையான வரிசை? யான்சனியம் என்றால் என்ன என்றும் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

எம்.

அன்புள்ள எம்.,

யான்சனியத்தை விட்டுவிடுவோம். இறையருளா மனித விருப்பமா என்று இரண்டு நூற்றாண்டு அடித்துக்கொண்ட சமாச்சாரம் அது, சுருக்கமாகச் சொன்னால் தப்பாகத்தான் சொல்வேன். போன மாதம் பேத்தியின் உறுதிபூசுதலுக்கு, அதாவது ஆயர் நெற்றியில் தைலம் பூசும் சடங்குக்கு, போய்வந்ததிலிருந்து இந்த உத்ரெக்ட் கதைதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

695-இல் ரோமில் திருத்தந்தை முதலாம் செர்ஜியஸின் கையால் ஆயரான வில்லிபிரோர்ட் முதல், 1580-இல் இறந்த பேராயர் ஷெங்க் வரை இரண்டு பட்டியலும் ஒன்றுதான். அந்த வருடம் உத்ரெக்டில் கத்தோலிக்கப் பொது வழிபாடு தடைசெய்யப்பட்டது. அப்புறம் ரோம் அங்கே பேராயரை வைக்கவில்லை, தன் பிரதிநிதிகளைத்தான் வைத்தது. அப்படி வந்த கோடே என்பவர், யான்சனியக்காரர் என்ற புகாரில் 1702-இல் இடைநீக்கம் செய்யப்பட்டார். அதற்குப் பிறகு ஊரில் இருந்து வேலை பார்க்க ஓர் ஆயர் இல்லை. ஆயர் கைவைக்காமல் யாரும் குருவாகவோ ஆயராகவோ ஆக முடியாது. அதனால் குருப்பட்டத்துக்குப் படித்த பையன்களில் சிலர் அயர்லாந்துக்குக் கப்பலேறினார்கள். அங்கிருந்த கத்தோலிக்க ஆயரே ஆங்கிலேயச் சட்டத்துக்குப் பயந்து ரகசியமாகத்தான் பட்டம் கொடுக்க வேண்டியிருந்தது.

இந்த நிலையில்தான் 1719-இல் டொமினிக் வார்லே ஆம்ஸ்டர்டாமில் வந்து இறங்குகிறார். பாரீஸ்காரர், அமெரிக்காவில் லூயிசியானா பக்கம் மறைப்பணி செய்தவர். பாபிலோன் ஆயராகி, பாரசீகத்துக்குப் போகிற வழி. ஊரார் கேட்டுக்கொண்டதால் 604 பேருக்கு உறுதிபூசுதல் கொடுத்தார். பெரும்பாலும் ஏழைகள், அனாதைப் பிள்ளைகள்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்த் தேவாலயத்துக்கு ஆயர் வருவது சில வருடங்களுக்கு ஒருமுறைதான். அதனால் பொடிசுகளும் மீசை அரும்பியவர்களும் ஒரே வரிசையில் நிற்போம். அந்தக் காலத்து முறையில், நெற்றியில் தைலம் பூசியதும் ஆயர் கன்னத்தில் லேசாக ஒரு தட்டு தட்டுவார். “பளார்னு அறைவாரு” என்று பெரிய பையன்கள் கிளப்பிவிட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் நின்றவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தோளைக் குறுக்கியதில் ஆயருக்கே சிரிப்பு வந்துவிட்டது. என் முறை வந்தபோது அவருடைய மோதிரம்தான் கன்னத்தில் ஜில்லென்று பட்டது. ஆயருக்காகக் காத்திருப்பது என்றால் என்ன என்று அந்த வரிசையில் நின்றவனுக்குத் தெரியும். ஆம்ஸ்டர்டாமின் அந்த 604 பேரை எனக்குப் புள்ளிவிவரமாகப் பார்க்க முடியவில்லை.

அந்தக் காரியத்துக்காக, பாரசீக எல்லைக்குள் போய்ச் சேர்ந்த வார்லேயைத் தேடி இடைநீக்க உத்தரவு வந்தது. அனுமதி வாங்காமல் செய்தாராம். அவர் ஆம்ஸ்டர்டாமுக்கே திரும்பிவந்து தங்கிவிட்டார்.

இப்போது உங்கள் ‘திருட்டுப் பட்டத்துக்கு’ வருவோம். 1723-இல் உத்ரெக்டின் பேராலயக் குருக்கள் கூடி, ஸ்டேனோவனைப் பேராயராகத் தேர்ந்தெடுத்தார்கள். போப்புக்குத் தெரியாமலா? கடிதம் எழுதினார்கள். பதில் இல்லை. போப் மாறினார், மறுபடி எழுதினார்கள். அதற்கும் பதில் இல்லை. 1724 அக்டோபர் 15-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாமில் வார்லே அவர் தலையில் கைவைத்துத் திருநிலைப்படுத்தினார். மூன்று ஆயர்கள் சேர்ந்து செய்ய வேண்டும் என்பது 325-இல் நிக்கேயா சங்கம் போட்ட விதி. இவர்களுக்கு ஒருவர் கிடைத்ததே பெரிய விஷயம்.

ரோம் உடனே இவர்களைச் சபைக்கு வெளியே தள்ளியது. ஆனால் அந்தப் பட்டம் செல்லாது என்று ரோம்கூடச் சொல்லவில்லை. முறைகேடு என்றது, பாவம் என்றது, அதோடு நிறுத்திக்கொண்டது. வீட்டுக்குத் தெரியாமல் ஓடிப்போய்க் கட்டினாலும் தாலி தாலிதானே. அனுமதி இல்லாமல் நடந்தது வேறு, நடக்கவே இல்லை என்பது வேறு. ரோமே தாண்டாத அந்த எல்லைக்கோட்டை, கோயம்புத்தூரில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் எப்படி இவ்வளவு சுலபமாகத் தாண்டுகிறீர்கள்? ஒரு பட்டியலைப் பார்த்த உடனே அசல், போலி என்று முத்திரை குத்தக் கை பரபரக்கிறது. கொஞ்சம் பொறுங்கள். அந்த மனிதர்களின் பயத்தைப் பாருங்கள்.

ஸ்டேனோவன் ஆறு மாதம்கூட இருக்கவில்லை, 1725 ஏப்ரலில் போய்ச் சேர்ந்தார். அடுத்தவருக்கும் வார்லேதான். அதற்கடுத்தவருக்கும் அவரேதான். 1739-இல் மைண்டார்ட்ஸ், நாலாவது ஆள். ஒவ்வொரு முறை பேராயர் சாகும்போதும் கைவைக்க மிச்சமிருந்தது அந்த ஒரு கிழவரின் கை மட்டும்தான். அவருக்கு ஒரு காய்ச்சல் முற்றியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். 1742-இல் வார்லே இறந்தார். அதே வருடம் மைண்டார்ட்ஸ் ஹார்லமுக்கு ஓர் ஆயரை ஏற்படுத்திவிட்டார். ரோம் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை, ஒருவர் போனால் இன்னொருவர் இருக்க வேண்டும். பிறகு டெவெண்டருக்கும் ஒருவர்.

எது உண்மையான வரிசை என்கிறீர்கள். ரோமின் பட்டியல் 1853-இல் ஒன்பதாம் பயஸ் நெதர்லாந்தில் மறைமாவட்டங்களைத் திரும்ப ஏற்படுத்தியபோது தொடர்கிறது. அந்த அறிவிப்பு கிளப்பிய கலவரத்தில் தோர்பெக்கின் அமைச்சரவையே விழுந்தது. இன்று உத்ரெக்டில் ரோமோடு இருப்பவர்களின் புனித கத்தரீனா பேராலயத்தில் கேட்டால் ஒரு பட்டியல் சொல்வார்கள், பிரிந்தவர்களின் புனித கெர்ட்ரூட் பேராலயத்தில் கேட்டால் மற்றது. வில்லிபிரோர்ட் இரண்டுக்கும் பொது. பழைய டோம் பேராலயம் இருவரிடமும் இல்லை, அது புராட்டஸ்டண்ட் ஆலயம். போதுமா?

நீங்கள் கேட்காத ஒன்று. 1908-இல், ரோமைப் பிரிந்த வரிசையில் வந்த உத்ரெக்ட் பேராயர் குல், இங்கிலாந்துக்காரரான மேத்யூவை ஆயராக்கினார். இரண்டே வருடத்தில் மேத்யூ பிரிந்துபோனார். அவர் கைவைத்தவர் வில்லோபி, வில்லோபி கைவைத்தவர் வெட்ஜ்வுட், வெட்ஜ்வுட் 1916-இல் சிட்னியில் கைவைத்தது லெட்பீட்டர் தலையில். ஆமாம், 1909-இல் அடையாறு கடற்கரையில் ஜே. கிருஷ்ணமூர்த்தி என்ற பையனை வருங்கால உலக குரு என்று அடையாளம் கண்ட அதே பிரம்மஞான சபை (தியோசபி) லெட்பீட்டர்தான். 1920-இல் உத்ரெக்ட் தரப்பு ஆயர்கள் கூடி, மேத்யூ பொய்ச் சான்று காட்டி வாங்கிய பட்டம் அது, அந்த வழியில் வருகிற யாரோடும் எங்களுக்கு உறவில்லை என்று அறிவித்தார்கள். நீங்கள் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் முதல் ஆளாகக் கை தூக்கியிருப்பீர்கள்.