நஞ்சையை அடகு வைப்பதற்கு முன்

அன்புள்ள அம்மா,

சென்ற வாரம் நீங்களும் உங்கள் கணவரும் தம்பியும் மகளுடன் பொறையாற்றிலிருந்து வந்திருந்தபோது, உங்கள் தம்பி கணினி அறிவியலைப் பற்றியே பேசினார். மகள் வாய் திறந்தது ஒரே முறைதான்: "நம்ம கலெக்டர் ஆபீசுக்குப் போக ஏன் காரைக்காலைத் தாண்ட வேண்டியிருந்தது?" சின்ன வயதில் அப்பாவிடம் கேட்ட அந்தக் கேள்விக்கு விடை தரும் படிப்பு வேண்டும் என்றாள். கவலை வேண்டாம் என்று சொல்லி உங்களை அனுப்பிவிட்டேன், அது போதாது.

அவள் கேட்டது அரசியல் புவியியலின் கேள்வி. நிலத்தின் மீது அதிகாரம் எப்படிக் கோடு போடுகிறது, போட்ட கோடு மக்களின் வாழ்க்கையை எப்படி மாற்றுகிறது என்று ஆராயும் துறை அது. அரசியல் அறிவியல் ஆட்சியின் அமைப்பைப் பார்க்கும். இது அந்த ஆட்சி எந்த இடத்தில், எந்த எல்லைக்குள் நடக்கிறது என்று பார்க்கும். ஜெர்மானியரான ராட்சல் 1897இல் இத்துறைக்கு நூல் எழுதியபோது அரசை வளரும் உயிரியாகக் கருதினார். அக்கருத்து பின்னாளில் ஆக்கிரமிப்புக்குச் சாக்காகிவிடவே, 1950இல் அமெரிக்கரான ஹார்ட்ஷோர்ன், ஒரு நாட்டைப் பிணைத்து வைப்பது எது, பிரிப்பது எது என்று கேட்பதே இத்துறையின் வேலை என்று வரையறுத்தார்.

உங்கள் ஊரையே பாருங்கள். காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இன்றும் அது புதுச்சேரியைச் சேர்ந்தது. 1997இல் திருவாரூர் தனி மாவட்டமானதும் நாகப்பட்டினம் மாவட்டம் இரு துண்டாயிற்று. வடக்கிலிருந்த நீங்கள் மாவட்டத் தலைநகரான நாகப்பட்டினத்துக்குப் போகக் கடற்கரைச் சாலையில் இன்னொரு ஆட்சிப்பகுதியைக் கடந்தீர்கள், அல்லது திருவாரூர் வழியே சுற்றினீர்கள். 2020இல் மயிலாடுதுறை மாவட்டம் பிறந்த பிறகே அது தீர்ந்தது. மக்களவைத் தொகுதி மறுவரையறை பற்றிய இன்றைய வாதமும் இதே இனம்தான்.

இத்துறைக்கென்று தனி இளங்கலைப் பட்டம் தேட வேண்டாம். சென்னையில் மாநிலக் கல்லூரியிலோ ராணி மேரி கல்லூரியிலோ இளநிலைப் புவியியல் படித்து, கூடவே புள்ளியியலும் ஜி.ஐ.எஸ். என்னும் வரைபட மென்பொருளும் பழகட்டும். முதுகலைக்கு டெல்லிப் பல்கலைக்கழகம், ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் (ஜே.என்.யு.) இரண்டுக்கும் முயலலாம். குடிமைப்பணித் தேர்வின் புவியியல் விருப்பப் பாடத்தில் மாநிலச் சீரமைப்பு, இந்திய எல்லைகள், தெற்காசியப் புவிசார் அரசியல் எல்லாம் உண்டு. நகரமைப்பிலும், செயற்கைக்கோள் படங்களால் நிலத்தை ஆராயும் தொலையுணர்விலும் வேலை உண்டு. ஆனால் மூன்றாம் ஆண்டு முடிந்ததும் கையில் வேலை ஆணை வந்துவிடாது, ஐந்தாண்டு பொறுக்க வேண்டும். உங்கள் தம்பி கவனிக்காத ஒன்று: மகள் கணினியை வெறுக்கவில்லை, வரைபடம் வரையக் கணினி வேண்டும் என்கிறாள்.

ஒன்றரை ஏக்கர் நஞ்சையை அடகு வைத்து, மனம் ஒட்டாத பிள்ளைக்கு நிர்வாக ஒதுக்கீட்டில் கணினி அறிவியல் இடம் வாங்குவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். முன்பணத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றீர்கள். கட்டாதீர்கள். தம்பி கோபித்தால் என்னிடம் பேசச் சொல்லுங்கள்.