கே1000-க்கு பான்கேக் லென்ஸ் தேவையா?

கேள்வி: என் பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமராவோடு வந்த 50 மி.மீ. எஃப் 2 லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டது. கனமில்லாமல் கொண்டுபோக, பென்டாக்ஸ்-எம் 40 மி.மீ. எஃப் 2.8 பான்கேக் (மிகத் தட்டையான லென்ஸ்) வாங்க ஆசை. ஆனால் அதே வரிசையின் 50 மி.மீ. எஃப் 1.7 லென்ஸைவிடப் பல மடங்கு விலை சொல்கிறார்கள். அவ்வளவு கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம், 50 எஃப் 1.7-ஐ வாங்குங்கள். பான்கேக்கின் நீளம் 18 மி.மீ., எடை 110 கிராம். மற்றதற்கு 31 மி.மீ., 185 கிராம். மிச்சமாவது 13 மி.மீ.யும் 75 கிராமும்தான். உங்களுடையதுபோன்ற எஸ்எல்ஆரில் (லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் கேமரா) உள்ளேயுள்ள பிரதிபலிப்புக் கண்ணாடி மேலெழ இடம் விட்டாக வேண்டும். லென்ஸ் மாட்டும் இடமான மவுண்டிலிருந்து ஃபிலிம் வரைக்குமே 45 மி.மீ.க்கு மேல் ஆகிவிடுகிறது. லென்ஸ் எவ்வளவு தட்டையாக இருந்தாலும் இந்தப் பருமன் குறையாது.

இழப்பது அதிகம். எஃப் எண் சிறிதானால் ஒளி நுழையும் துளை பெரிது; எஃப் 2.8-ஐவிட எஃப் 1.7 கிட்டத்தட்ட 2.7 மடங்கு ஒளியை உள்ளே விடும். அதில் 1/60 நொடி ஷட்டர் வேகம் கிடைக்கும் மாலை வெளிச்சத்தில் எஃப் 2.8-க்கு 1/30-கூடப் போதாது. கை நடுக்கம் படத்தில் தெரியும். வியூஃபைண்டரும் மங்கலாவதால் ஃபோகஸ் பிடிப்பது சிரமம், அதுவும் அந்த ஒல்லியான வளையத்தைத் திருப்பி. 50-இல் 45 செ.மீ. வரை நெருங்கலாம், 40-இல் 60 செ.மீ.தான். சின்ன அறைகளில் எடுப்பவர், 40-இன் அகன்ற பார்வைக்காகவே கேட்டால் அது வேறு கணக்கு.

கோனிகா ஹெக்ஸனான் 40 எஃப் 1.8 மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். அது மவுண்டிலிருந்து ஃபிலிம் வரை 40.5 மி.மீ. மட்டுமே உள்ள கேமராவுக்கானது; உங்களுடையதில் 45-க்கு மேல். உங்கள் கேமராவில் அடாப்டர் போட்டு மாட்டினாலும் தொலைவிலுள்ளது ஃபோகஸ் ஆகாது.

கடையில் பார்க்கும்போது அபெர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) 22-இல் வைத்து, பின்புறமுள்ள நெம்புகோலைத் தள்ளிப் பிடித்து, பிறகு கையை எடுங்கள். துளையின் இதழ்கள் சட்டென மூட வேண்டும். எண்ணெய் கசிந்திருந்தால் மெதுவாக மூடும்; அதற்குள் ஷட்டர் திறந்துவிடுவதால் வெளிச்சம் கூடுதலாக விழுந்து நெகட்டிவ் கறுத்துப்போகும். அடுத்து, இதழ்களைத் திறந்து வைத்துப் பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். சிலந்தி நூல் போல் கிளைத்திருந்தால் பூஞ்சை, பால் படர்ந்ததுபோல் இருந்தால் புகைமூட்டம்: இரண்டுமே வேண்டாம். சில தூசிகளைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

வாங்கியதைத் தோல் உறையில் வைக்காதீர்கள். அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். பழைய லென்ஸை அதே டப்பாவில் சேர்க்க வேண்டாம்.