வீட்டு மரவேலைக்கு டிரில் பிரஸ் வாங்கப்போகிறேன், 13 மி.மீ. போதுமா, எதைப் பார்த்து வாங்குவது?

13 மி.மீ. போதும். ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். நான் அப்படி வாங்கித்தான் கெட்டேன்.

பெங்களூரில் வாடகை வீட்டுப் பால்கனியில் சனி, ஞாயிறுகளில் மரவேலை செய்கிறேன், சமையலறை அலமாரிக் கதவுகளும் இரண்டு ஸ்டூல்களும் செய்ய வேண்டும், கடையில் 13, 16, 20 என்று எண் சொல்லிக் குழப்புகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். குழப்பம் உங்களுடையதல்ல. டிரில் பிரஸ் என்பது பிட்டைச் செங்குத்தாக இறக்கித் துளை போடும் இயந்திரம்; இங்கே கடைகளில் நிற்பவற்றில் பெரும்பாலானவை இரும்பு வேலைக்காகச் செய்யப்பட்டவை. 13 மி.மீ. என்பது சக், அதாவது பிட்டைப் பிடிக்கும் வாய், கவ்வக்கூடிய பிட் தண்டின் அதிகபட்ச அளவு. இரும்பில் எவ்வளவு பெரிய துளை போடலாம் என்பதையும் ஏறக்குறைய அதே எண்ணால் சொல்கிறார்கள். மரத்தில் 35 மி.மீ. துளை போடும் ஃபார்ஸ்ட்னர் பிட்டின் தண்டு 8 அல்லது 10 மி.மீ.தான் இருக்கும். 13 மி.மீ. சக்கில் தாராளமாகப் பொருந்தும். ஆகவே தச்சனுக்கு அந்த எண் அதிகம் சொல்வதில்லை. லேத் பட்டறைக்காரருக்குச் செய்த இயந்திரத்தைத் தச்சன் கண்ணால் பார்த்து வாங்க வேண்டும் என்பதுதான் என் பதில். மற்றதெல்லாம் அதன் விரிவு.

கடையில் பெயரைச் சொல்வதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். பெங்களூர் எஸ்.ஜே.பி. ரோட்டுக் கடையில் நான் 'டிரில் பிரஸ்' என்று கேட்டபோது, கை டிரில்லை மாட்டி இறக்கும் தகர ஸ்டாண்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். 'பெஞ்ச் டிரில்' அல்லது 'பில்லர் டிரில்' என்று கேளுங்கள். அந்த ஸ்டாண்டை வாங்காதீர்கள். புதிதாக இருக்கும்போதே ஆடும்.

என் முதல் இயந்திரத்தின் கதை இது. இணையத்தில் பார்த்து, 13 மி.மீ., அரைக் குதிரைத்திறன், விலையும் குறைவு என்று வாங்கினேன். வந்த வாரமே அலமாரிக் கதவில் ஆட்டோ ஹிஞ்சைப் (குழியில் பதிக்கும் கீல்) பதிக்க 35 மி.மீ. குழி எடுக்க உட்கார்ந்தேன். பிட் தேக்கில் இறங்கியதும் சுருள் சுருளாகச் சீவல் வர வேண்டும். எனக்கு வந்தது பொடியும் புகையும். குழியின் சுவர் கருகிப்போய், வீடு முழுக்க ஊதுவத்தி கொளுத்தியது போல் தேக்கு வாசனை. பிட் மழுங்கிவிட்டது என்று நினைத்து இன்னொன்று வாங்கினேன். அதுவும் புகைந்தது. பிறகுதான் புல்லி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த வேகப் பட்டியலைப் படித்தேன். அந்த இயந்திரம் நிமிடத்துக்கு 850 சுற்றுக்குக் கீழே இறங்கவே இறங்காது.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 6 மி.மீ. பிட்டின் சுற்றளவு சுமார் 19 மி.மீ.; அது 3000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 57 மீட்டர் ஓடுகிறது. 35 மி.மீ. பிட்டின் சுற்றளவு 110 மி.மீ.; அது வெறும் 500 சுற்றிலேயே 55 மீட்டர் ஓடிவிடும். என் இயந்திரத்தின் மிகக் குறைந்த வேகத்தில்கூட அதன் விளிம்பு 93 மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தேக்கு கருகாமல் என்ன செய்யும்? பிட் பெரிதாக ஆக வேகம் இறங்க வேண்டும். ஆகவே கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, 'இதன் குறைந்தபட்ச வேகம் என்ன?' என்பதுதான். 500 அல்லது அதற்குக் கீழே என்றால் மேற்கொண்டு பேசுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். சாதாரண மோட்டார் 1440 சுற்று ஓடும். மோட்டார் பக்கத்துச் சின்னப் புல்லியைப் போல ஸ்பிண்டில் (சக்கைச் சுழற்றும் அச்சு) பக்கத்துப் பெரிய புல்லி மூன்று மடங்கு விட்டம் இருந்தால் வேகம் 480க்கு வரும். கண்ணாலேயே தெரிந்துவிடும். அதிகபட்ச வேகம் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். 2500க்கு மேல் இருந்தால் சிறு பிட்டுகளுக்குப் போதும்.

அந்த இயந்திரத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, அடுத்ததைத் தேடியபோது துணைக்கு வந்தவர் எங்கள் மத்திகெரே தெருவில் இருக்கும் ஒரு பெரியவர். 1953இல் தொடங்கப்பட்ட எச்.எம்.டி.யின் ஜாலஹள்ளி தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் திருப்பத்தூர் பக்கம். பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையை மூடுகிறார்கள், இரண்டு பெஞ்ச் டிரில் விலைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டுக் கூப்பிட்டேன். சட்டைப் பையில் ஒரு கம்பித் துண்டு, கையில் பழைய டிபன் டப்பா. டப்பாவுக்குள் பஞ்சு வைத்து அதன் நடுவில் ஒரு டயல் கேஜ், மிகச் சிறிய ஆட்டத்தையும் முள்ளால் காட்டும் அளவுகோல்.

முதல் இயந்திரம் புதுப் பெயின்டில் பளபளவென்று நின்றது. எனக்கு அதுதான் பிடித்திருந்தது. பெரியவர் சுவிட்சைப் போடவே இல்லை. கைப்பிடியைச் சுற்றிக் குவிலை, அதாவது ஸ்பிண்டிலைத் தாங்கி ஏறி இறங்கும் குழாயை, முழுக்கக் கீழே இறக்கினார். சக்கை இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும், பிறகு பக்கவாட்டிலும் அசைத்தார். 'டொக்' என்று மெல்லிய சத்தம்.

"கேட்டதா, தம்பி?"

"கேட்டது ஐயா. பேரிங்தானே, மாற்றிக்கொள்ளலாமே?"

"பேரிங் என்றால் மாற்றலாம். இது குவில் ஏறி இறங்கும் துளையே தேய்ந்த சத்தம். வார்ப்பை எங்கே போய் மாற்றுவாய்? பெயின்ட் அடித்ததே இதை மறைக்கத்தான்."

இரண்டாவது இயந்திரம் அழுக்கும் கிரீஸுமாக மூலையில் கிடந்தது. அதன் குவில் அசையவில்லை. சக்கில் ஒரு நேரான தண்டை மாட்டி, டயல் கேஜின் முனையை அதன் மேல் வைத்து, கையாலேயே மெதுவாகச் சுற்றினார். முள் 0.04 மி.மீ. ஆடி நின்றது. மரத்துக்கு இது போதுமா என்றதற்கு, "மரத்துக்கு இதுவே ஆடம்பரம்" என்றார். எங்கள் வீட்டில் அப்போது டயல் கேஜ் கிடையாது, உங்களிடமும் இருக்காது. பரவாயில்லை, நல்ல பிட் ஒன்றை மாட்டி ஓடவிட்டு அதன் நுனியைப் பாருங்கள். ஒரே புள்ளியாக நின்றால் சரி. பனிமூட்டம் போல் பரவித் தெரிந்தால் வேண்டாம்.

கம்பித் துண்டு மேசைக்கு. அதை ட வடிவில் வளைத்துச் சக்கில் மாட்டி, நுனி மேசையைத் தொடும்படி இறக்கி, நுனிக்கும் மேசைக்கும் நடுவே ஒரு காகிதத்தை வைத்து இழுத்துப் பார்த்தார். பிறகு சக்கைக் கையால் கால் சுற்று திருப்பி மறுபடி காகிதம். இடது, வலது, முன், பின் நான்கு இடத்திலும் ஒரே இறுக்கம் இருந்தால் மேசை ஸ்பிண்டிலுக்குச் செங்குத்தாக இருக்கிறது. இடம் வலம் சாய்ந்திருந்தால் போல்ட்டைத் தளர்த்தித் திருத்தலாம். முன்பக்கம் தொங்கினால் பெரும்பாலான இயந்திரங்களில் திருத்த வழியில்லை. கடைசியாக ஓடவிட்டு, மேசையில் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை விளிம்பில் நிறுத்தினார். விழவில்லை. பதினொன்று கேட்டதை ஒன்பதாயிரத்துக்கு முடித்தோம்.

ஒரே வில்லங்கம், அதில் இருந்தது மூன்று பேஸ் மோட்டார். பட்டறைகளில் 415 வோல்ட்டில் ஓடியவை இப்படித்தான் வரும். வீட்டில் நமக்கு இருப்பது 230 வோல்ட், ஒற்றை பேஸ். இதற்கு இரண்டு வழி. அரைக் குதிரைத்திறன் ஒற்றை பேஸ் மோட்டார் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். நான் செய்தது அது. அல்லது 230 வோல்ட் வாங்கி மூன்று பேஸ் தரும் வி.எஃப்.டி. பெட்டி வைக்கலாம், அதற்கு மோட்டாரின் இணைப்பை ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாற்ற வேண்டியிருக்கும், தகட்டைப் பார்த்து எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். வி.எஃப்.டி. வைத்தால் பெல்ட்டைக் கழற்றாமல் குமிழைத் திருகியே வேகத்தை மாற்றலாம். மிகக் குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓட்டினால் மோட்டாரின் விசிறியும் மெதுவாகச் சுற்றிச் சூடேறும், அதை மட்டும் கவனியுங்கள். பழைய இயந்திரம் வாங்க உடன் ஆள் இல்லையென்றால் புதியதையே வாங்குங்கள். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்தா சேர்க்காமலா என்று விலை பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

தூணுக்கும் ஸ்பிண்டில் மையத்துக்கும் உள்ள இடைவெளியையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். 150 மி.மீ. இருந்தால் 300 மி.மீ. அகலப் பலகையின் நடுவில் துளை போடலாம். ஹிஞ்சுக் குழியின் மையம் கதவு ஓரத்திலிருந்து ஏறக்குறைய 22 மி.மீ.தான் என்பதால் அதற்கு இது பொருட்டே இல்லை. ஸ்டூல் பலகைக்குத்தான் தேவைப்படும். குவில் இறங்கும் ஆழம் சின்ன இயந்திரங்களில் 50 மி.மீ. இருக்கும். 75 கிடைத்தால் நல்லது. மேசையை ஏற்றி இறக்கப் பல்சட்டம் உள்ளதாகப் பாருங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் அந்த வார்ப்பிரும்பை நெஞ்சால் தாங்கிக்கொண்டு திருக வேண்டும்.

வாங்கி வந்ததும் நீங்கள் செய்யும் முதல் மரச்சாமான், அந்த இயந்திரத்துக்கே ஒரு மேசையாக இருக்கட்டும். இரும்பு மேசை ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான். நடுவில் ஓட்டை வேறு. 18 மி.மீ. பிளைவுட்டை 600க்கு 350 அளவில் வெட்டி மேலே போல்ட் போட்டுவிடுங்கள். பிட் இறங்கும் இடத்தில் ஒரு சதுரம் வெட்டி, மாற்றிக்கொள்ளக்கூடிய துண்டுப் பலகை வையுங்கள். அடியில் தாங்கல் இருந்தால்தான் பிட் வெளியேறும்போது சிராய் பிய்க்காது. பின்புறம் ஒரு நேர்ச்சட்டம், அதில் ஒரு நிறுத்துக்கட்டை. இது மூன்றும் வந்த பிறகு எட்டுக் கதவுக்குப் பதினாறு குழி, ஒன்றுக்கொன்று அரை மி.மீ. மாறாமல் எடுத்தேன். இயந்திரத்துக்குக் கொடுத்த காசைவிட இந்தப் பலகைக்குக் கொடுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அதிகம் சம்பாதித்துக் கொடுத்தது.

பிட்டைச் சுழலவிட்டுப் பலகையைப் பக்கவாட்டில் தள்ளி ரவுட்டர் போலப் பள்ளம் எடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். பெரும்பாலான இயந்திரங்களில் சக்கைப் பிடித்துவைத்திருப்பது கூம்பு வடிவத் தண்டின் உரசல் மட்டும்தான். மேலிருந்து அழுத்தும்போது இறுகும், பக்கத்திலிருந்து தள்ளினால் கழன்று விழும், அதுவும் சுழன்றுகொண்டே.

என் இடது கட்டைவிரல் நகம் இரண்டு மாதம் கறுப்பாக இருந்ததற்குக் காரணம், உள்ளங்கை அளவு ஈட்டி மரத்துண்டு ஒன்று. இந்தச் சின்னத் துண்டுக்குக் கிளாம்ப் எதற்கு என்று கையால் பிடித்தேன். பிட் மறுபக்கம் வெளியேறும் தறுவாயில் கடித்துக்கொண்டது, துண்டு என் கையைப் பிடுங்கிக்கொண்டு சுழன்றது. சின்னத் துண்டைத்தான் கட்டாயம் கவ்வ வேண்டும். நீளமான சட்டம் என்றால் அதன் நீண்ட பக்கம் உங்கள் இடப்புறம், தூணைத் தொட்டபடி இருக்கட்டும். பிட் கடித்தாலும் சட்டம் தூணில் மோதி நின்றுவிடும், உங்கள் வயிற்றுக்கு வராது. கையுறை போடாதீர்கள். சக் சாவியை வேலை முடிந்ததும் கழற்றுங்கள். நான் அதை ஒரு கயிற்றில் கட்டி, சுவிட்சின் மேலேயே தொங்கும்படி வைத்திருக்கிறேன். சாவியைத் தூக்காமல் சுவிட்சைப் போட முடியாது.

உங்கள் பால்கனி பற்றி. நான் வாங்கிய இயந்திரம் தலை கனமானது, இரண்டு ஆள் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. பெஞ்சில் போல்ட் போட்டு முடுக்காமல் ஓட்டாதீர்கள். பெஞ்சின் காலடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போட்டால் கீழ்வீட்டுக்காரருக்கு அதிர்வு கொஞ்சம் குறையும்; சத்தம் மிக்சியைவிடக் குறைவுதான், ஆனாலும் நான் மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை தொடுவதில்லை. ஜூன் தொடங்கினால் சாரல் அடிக்கும், வார்ப்பிரும்பும் தூணும் ஒரே இரவில் செம்பழுப்பாகிவிடும். எண்ணெய் தடவினால் மரத்தில் கறையேறும். மரச்சாமானுக்குத் தேய்க்கும் மெழுகையே மாதம் ஒரு முறை தேய்த்து, மேலே ஒரு பழைய போர்வையைப் போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டால் உள்ளே வியர்த்து இன்னும் துருவேறும்.

எந்தக் கடையில் எதைப் பார்த்தீர்கள் என்று வேகப் பட்டியலின் படத்தோடு கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.