குடும்பத்துக்குள் நடந்த பாலியல் அத்துமீறலை உளப்பகுப்பாய்வு எப்படிப் பார்க்கிறது, சிகிச்சை எப்படி இருக்கும்?

எல்லாம் குழந்தையின் கற்பனை என்றுதானே உளப்பகுப்பாய்வை (பேச்சு வழியாக ஆழ்மனதை ஆராயும் சிகிச்சை முறையை) உருவாக்கிய ஃப்ராய்ட் சொன்னார் என்று கேட்டிருக்கிறீர்கள். முழுக்க அப்படி இல்லை. 1896-இல் அவர் சொன்னது நேர்மாறானது: ஹிஸ்டீரியாவின் (உடலில் காரணம் தெரியாமல் வலிப்பு, முடக்கம் போன்றவை வரும் மனநோய் என்று அன்று சொன்னதன்) வேரில் சிறுவயதில் உண்மையாகவே நடந்த பாலியல் அத்துமீறல் இருக்கிறது என்றார். மறு வருடமே அந்தக் கோட்பாட்டின் மேல் நம்பிக்கை போய், கவனம் குழந்தையின் உள்மன ஆசைகள் பக்கம், அதாவது பெற்றோரில் ஒருவர் மேல் ஆசையும் மற்றவர் மேல் போட்டியும் கொள்கிற ஈடிபஸ் சிக்கல் பக்கம் திரும்பியது. நிஜத்தில் அத்துமீறலே நடப்பதில்லை என்று அவர் சொல்லவில்லை, ஆனால் பின்னால் வந்த பலர் நோயாளி சொன்னதை நம்பாமல் போக அந்தத் திருப்பம் வழிவிட்டது, இது பெரிய அநியாயம்.

என்னைப் பொறுத்தவரை சரியாகப் பிடித்தவர் ஃப்ராய்டுடன் நெருங்கிப் பணியாற்றிய உளப்பகுப்பாய்வாளர் ஃபெரென்சிதான். குழந்தை கேட்பது பாசம், பெரியவர் அதற்குக் காமத்தில் பதில் தருகிறார், பயந்துபோன குழந்தை அவருடைய குற்றவுணர்வையும் சேர்த்துத் தனக்குள் இழுத்துக்கொள்கிறது என்று 1932-இல் விளக்கினார். 'என் தப்புதான்' என்று வளர்ந்த பிறகும் பலர் நம்புவது இதனால்தான்.

சரி, சிகிச்சைக்கு வருவோம். முதலில் பாதுகாப்பு, இன்னும் அத்துமீறல் தொடர்கிறதா என்று பார்க்காமல் பழைய நினைவைக் கிளறவே கூடாது. அப்புறம் நம்பிக்கை மெதுவாகத்தான் வரும், நடுவில் நோயாளிக்குச் சிகிச்சையாளரே அத்துமீறியவராகவோ, கண்டும் காணாமல் இருந்த தாயாகவோ தெரிவார், அந்த உணர்வைப் பொறுமையாகப் பேசித் தீர்ப்பதுதான் வேலையின் பெரும்பகுதி. இல்லாத நினைவை யோசனை சொல்லி ஊட்டிவிடாமல் இருப்பதும் சிகிச்சையாளரின் பொறுப்பு.