படம் போட்ட ரிக்கார்டு அட்டை

கேள்வி: எங்கள் தாத்தா பாப்பாரப்பட்டியில் ரேடியோ செட் வாடகைக்கு விட்டவர். அவர் விட்டுப்போன பெட்டியில் எல்.பி. என்கிற, நீண்ட நேரம் பாடும் தட்டுகளுக்கு அழகான படம் போட்ட அட்டை இருக்கிறது. பழைய கனமான தட்டுகளுக்கோ நடுவில் வட்டமாக ஓட்டை போட்ட காகித உறைதான். அட்டையில் படம் போடுவதை யார் ஆரம்பித்தார்கள்?
– வாசகி, தருமபுரி

பதில்: உங்கள் பெட்டியிலேயே பாதி வரலாறு இருக்கிறது. அந்தக் கனமான தட்டுகள் நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுபவை, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், மிஞ்சிப்போனால் நாலரை நிமிடம்தான் பாடும். எந்தப் பாட்டு, யார் பாடியது என்பதெல்லாம் தட்டின் நடுவில் ஒட்டிய லேபிளில் இருக்கும், அது தெரிவதற்குத்தான் உறையில் ஓட்டை. கம்பெனிக்கும் அது வசதி, ஒரே உறையை அச்சடித்து வைத்துக்கொண்டு எல்லாத் தட்டுக்கும் போட்டுவிடலாம்.

அமெரிக்காவிலும் அப்போது பெரிய வித்தியாசம் இல்லை. சிம்பொனி போல நீளமான இசை என்றால் ஐந்தாறு தட்டுகளைச் சேர்த்துக் கெட்டி அட்டை போட்டுப் புத்தகம் மாதிரிக் கட்டி விற்பார்கள். அட்டை பழுப்பு, சாம்பல் நிறத்தில் வெறுமையாக இருக்கும், மேலே பெயர் மட்டும். கடையில் முதுகு வெளியே தெரிகிற மாதிரி வரிசையாக அடுக்கிவிடுவார்கள், உள்ளே இருப்பது அழுகையா கொண்டாட்டமா என்று யாருக்கும் தெரியாது. அவற்றைக் ‘கல்லறைக் கற்கள்’ என்று சொன்னவர் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ்.

நியூயார்க்கின் புரூக்ளினில் 1917-ல் பிறந்தவர். 1939-ல் கொலம்பியா ரிக்கார்ட்ஸ் கம்பெனி அவரைத் தன் முதல் ஆர்ட் டைரக்டராகச் சேர்த்துக்கொண்டது. விளம்பரம், போஸ்டர் வேலைக்குத்தான் எடுத்தார்கள். அவரோ, இவ்வளவு நல்ல இசையை இப்படியா விற்பது, அட்டையில் படம் போடலாம் என்றார். அச்சுச் செலவு கூடுமே என்று மேலிடம் தயங்கியது. சில அட்டைகள் மட்டும் செய்து பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கினார்.

முதல் அட்டை இசையமைப்பாளர் ராட்ஜர்ஸ், பாடலாசிரியர் ஹார்ட் ஜோடியின் நாடகப் பாடல் தொகுப்புக்கு. அதற்கு அவர் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கும். நியூயார்க்கில் இம்பீரியல் தியேட்டர் வாசலில் விளக்கு வைத்த பெயர்ப்பலகை உண்டு, தியேட்டர்காரரிடம் பேசி அதில் இருந்த எழுத்துகளை எடுத்துவிட்டு, ஆல்பத்தின் பெயரை மாட்டச் சொல்லி இரவில் போட்டோ எடுத்தார். அதன்மேல் ரிக்கார்டின் வரிகளைப் போலவே வட்ட வட்டமாகக் கோடுகள். அதற்கப்புறம் பீத்தோவனின் மூன்றாவது சிம்பொனி ஆல்பத்தைப் படம் போட்ட அட்டையில் மறுபடி வெளியிட்டபோது விற்பனை ஏறக்குறைய 900 சதவீதம் கூடியதாக நியூஸ்வீக் பத்திரிகை எழுதியது. உள்ளே இருந்தது அதே தட்டுதான் என்பதைக் கவனியுங்கள்.

பாடகரின் முகத்தைப் பெரிதாகப் போடுவதில் அவருக்கு விருப்பம் இல்லை. தட்டையான பளிச்சென்ற நிறங்கள், ஒரு வாத்தியம், ஒரு கை, ஒரு கட்டடம் என்று வைத்து அந்த இசையின் குணத்தைக் கண்ணால் பார்க்கவைக்க முயன்றார். நம் ஊர் டூரிங் டாக்கீஸில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் நடிகர் முகம்தான் ஆளை இழுக்கும், அதுவும் சரிதான், ஆனால் ஸ்டைன்வைஸ் செய்தது வேறு வகை, எனக்கு அதுதான் உசத்தி.

உங்கள் எல்.பி. அட்டைகளிலும் அவர் கை இருக்கிறது. 1948-ல் கொலம்பியா எல்.பி.யைக் கொண்டுவந்தபோது அந்த மெல்லிய தட்டு சாதாரணக் காகித உறையில் வைத்தால் கீறல், தடம் விழுந்தது. அட்டையை மடித்து, அதன்மேல் படம் அச்சிட்ட தாளை ஒட்டும் முறையை வடிவமைத்துக் கொடுத்தவரும் அவரே.

கேள்வி: பாட்டுத் தொகுப்புக்கு ‘ஆல்பம்’ என்ற பெயர் எப்படி வந்தது?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: மேலே சொன்ன அந்தக் கட்டுப் புத்தகத்தால்தான். போட்டோ ஆல்பத்தில் பக்கம் புரட்டுவது போல ஒவ்வோர் உறையாகப் புரட்டித் தட்டை எடுப்பார்கள். 1909-லேயே ஓடியன் என்ற ரிக்கார்டு கம்பெனி ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியின் இசையை நான்கு தட்டுகளாக ஒன்றுசேர்த்து விற்றது. எல்.பி. வந்ததும் புத்தகம் போய் ஒரே தட்டு ஆயிற்று, பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

கேள்வி: பழைய தட்டுகளில் பூஞ்சை பிடித்திருக்கிறது. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா? கிழிந்த காகித உறைகளைத் தூக்கிப் போட்டுவிடலாமா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம். 78 தட்டில் சேர்ந்திருப்பது அரக்கு, சோட்டா நாக்பூர் பக்கத்து மரங்களில் அரக்குப் பூச்சி வைக்கிற அதே அரக்கு. ஸ்பிரிட் பட்டால் கரையும், பாட்டும் அதோடு போய்விடும். லேபிளில் ஈரம் படாமல், சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் வரியோடு வரியாகத் துடைத்து நிழலில் உலரவையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிற்கவைத்து வையுங்கள், கீழே விழுந்தால் அப்பளம் போல உடையும்.

உறைகளைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். தட்டுகளைப் புது வெள்ளைத்தாள் உறைக்கு மாற்றிவிட்டுப் பழையதைத் தனியாக வைத்து, எது எந்தத் தட்டுடையது என்று பென்சிலால் எண் போட்டுக்கொள்ளுங்கள். ரிக்கார்டு விற்ற கடைக்காரர்கள் பலர் தங்கள் பெயரையும் முகவரியையும் உறையில் அச்சடித்தோ ரப்பர் ஸ்டாம்ப் குத்தியோ கொடுத்தார்கள். நம் பக்கத்தில் யார் எந்த ஊருக்குப் போய் ரிக்கார்டு வாங்கினார்கள், சேலமா, பெங்களூரா, தருமபுரியிலேயேவா என்பதைச் சொல்ல அந்தக் கிழிந்த காகிதம்தான் இருக்கிறது. அப்படி ஏதாவது அகப்பட்டால் ஒரு போட்டோ எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள்.